யாரோ செத்ததுக்கு எனக்கு ஏன் இப்படி ஆகுது? கேட்டதும் சொன்னதும்

மனநல சமூகப் பணியாளரா ரொம்ப வருஷமா வேலை பாக்குறேன், அதுல பாதி நேரம் துக்க வீட்டு ஆளுங்களோட பேசுறதுதான். போன வாரம் ஒருத்தர் "சம்பந்தமே இல்லாதவங்க சாவுக்கு அழுறது ஒரு நோயா"ன்னு கேட்டாங்க, இல்லன்னு ஒரு வரில சொல்லிட்டு போயிட்டேன், அதுக்கப்புறம் கேள்வி மேல கேள்வி. முடிஞ்சதுக்கு எல்லாம் இங்க பதில் சொல்றேன். நான் டாக்டர் இல்ல, மாத்திரை பேர் மட்டும் கேக்காதீங்க.

தஞ்சாவூர் பொண்ணு: அக்கா, எஸ்பிபி சார் போய் இத்தனை வருஷம் ஆச்சு, இன்னும் அவர் பாட்டு பஸ்ல போட்டா எனக்கு தொண்டை அடைக்குது. எங்க வீட்டுக்காரர் "உங்கப்பா செத்தப்ப கூட நீ இப்படி அழலையே"ன்னு குத்திக் காட்டுறார். அது உண்மைதான், அதனாலதான் ரொம்ப உறுத்துது. எனக்கு என்ன கோளாறு?

கோளாறு ஒண்ணும் இல்லம்மா. முதல்ல எஸ்பிபிய பாப்போம், அப்புறம் அப்பாவுக்கு வரேன்.

அந்த 2020ஐ ஒரு தடவை நினைச்சுப் பாருங்க. ஆகஸ்ட் 5 அவர் ஆஸ்பத்திரியில சேர்ந்தப்ப அவரே வீடியோ போட்டு லேசான தொற்றுதான் யாரும் கவலைப்படாதீங்கன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னார். ரெண்டாவது வாரத்துல நிலைமை மோசமாச்சு, வென்டிலேட்டர், அப்புறம் எக்மோ, அதாவது இதயம் நுரையீரல் வேலைய வெளிய இருந்து செய்யுற மிஷின். ஆகஸ்ட் 20 சாயங்காலம் 6 மணிக்கு அவங்கவங்க வீட்ல இருந்தே கூட்டுப் பிரார்த்தனை பண்ணாங்க, பாட்டு போட்டாங்க. மகன் அடிக்கடி வந்து இன்னைக்கு பரவால்ல, கண்ணு திறந்து பாக்குறார்னு சொல்லுவார். செப்டம்பர் 25 மதியம் முடிஞ்சு போச்சு. 51 நாள். சொந்தக்காரர் யாராவது ஐசியூல கிடந்தா வெளிய பெஞ்சுல உக்காந்திருப்போம்ல, அந்த மாதிரி தமிழ்நாடே உக்காந்திருந்துச்சு, ஆனா உடம்ப பாக்க போக முடியல, ஊரடங்கு. அந்த நேரத்துல சொந்த வீட்டு சாவுக்கே 20 பேருக்கு மேல கூடக்கூடாதுன்னு இருந்துச்சு, எத்தனையோ பேர் பெத்தவங்க மூஞ்சியையே பாக்காம வழியனுப்புனாங்க. அந்த அழுகை எல்லாம் சேர்ந்து ஒரு குரல் மேல இறங்குச்சு.

அப்புறம், அவர தெரியாதுன்னு யார் சொன்னா? டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல்னு ரெண்டு பேர் 1956லயே எழுதி வச்சிருக்காங்க, டிவி ரேடியோல தினம் வர்ற ஆளோட பாக்குறவங்களுக்கு ஒருதலையா ஒரு உறவு வளருது, அது நிஜ சிநேகம் மாதிரியே மனசுக்குள்ள வேலை செய்யுதுன்னு. உங்க வீட்ல இட்லி அவியுறப்ப அந்தக் குரல் இருந்துருக்கு, பரீட்சைக்கு படிக்குறப்ப இருந்துருக்கு, கல்யாணப் பந்தல்ல இருந்துருக்கு. அது நின்னு போனா வலிக்கத்தான் செய்யும்.

இப்ப அப்பா. எங்க மதுரைப் பக்கம் துட்டிக்கு, அதாவது சாவு வீட்டுக்கு துக்கம் கேக்க, போற பொம்பளைங்கள பாத்திருக்கீங்களா? கட்டிப்பிடிச்சு ஒப்பாரி வைக்குறப்ப செத்தவரைப் பத்தி ரெண்டு வரி பாடுவாங்க, மூணாவது வரில தன்னோட பொறந்த வீட்டுக்குப் போயிடுவாங்க, செத்துப்போன தன் அம்மா, சீர் செய்யாத அண்ணன், பாதில போன புருஷன்னு எல்லாம் வரும். யாரும் அதை தப்பா எடுத்துக்க மாட்டாங்க, பக்கத்துல இருக்கவங்க மூக்கைப் பிடிச்சு சிந்தி விடுவாங்க. அடுத்த வீட்டு சாவுல தன் சாவ அழுறது நம்ம ஊர்ல காலங்காலமா உள்ளது. அப்பா செத்த அன்னைக்கு நீங்க என்ன பண்ணிட்டு இருந்தீங்கன்னு யோசிங்க. மூத்த பொண்ணா? ஃப்ரீசர் பாக்ஸுக்கு சொல்லி, பந்தலுக்கு காசு குடுத்து, வந்தவங்களுக்கு காபி போட்டு, சித்தப்பா பெரியப்பா சண்டைய தீத்து வச்சு... இப்படி ஓடுனவங்க நிறைய பேர் அன்னைக்கு அழ மாட்டாங்க. அவங்களுக்கு அது ரெண்டு மூணு வருஷம் கழிச்சு யாரோ ஒருத்தர் சாவுல வெளிய வரும். உங்களுக்கும் அப்படித்தான் நடந்திருக்கும்னு நான் அடிச்சு சொல்லல, ஆனா அடுத்த தடவை பஸ்ல பாட்டு வர்றப்ப யார் ஞாபகம் வருதுன்னு மட்டும் கவனிங்க. அப்பாதான்னா வீட்டுக்காரருக்கு பதில் சொல்லியாச்சு.

நேர்மையா பேசுவோம்: எல்லைல ராணுவ வீரன் செத்தா ஒரு பய அழ மாட்டான், நடிகன் செத்தா மாரடிக்குறான். இதுக்கு நீங்க வேற சப்போர்ட்டா?

கண்ணீர் ரேஷன்ல வருதா என்ன, இங்க செலவழிச்சா அங்க குறையுறதுக்கு. நடிகனுக்கு அழுறவன்தான் பெரும்பாலும் வீரனுக்கும் அழுவான், ரெண்டுக்கும் அழாதவன்தான் கணக்கு பாத்துட்டு இருப்பான். கென்னத் டோகான்னு ஒரு ஆய்வாளர் 1989ல ஒண்ணு சொன்னார், ஊர் ஒத்துக்காத துக்கம்தான் ரொம்ப நாள் உள்ளேயே கிடக்குதுன்னு. "இதுக்கெல்லாமா அழுவாங்க"ன்னு நீங்க கேக்குற கேள்விதான் பாதி பேர பாத்ரூமுக்குள்ள போய் அழ வைக்குது.

42 வயசு, ரெண்டு லோன்: மேடம், விவேக் சார் போனப்ப ஆரம்பிச்சது, அதுக்கப்புறம் பெங்களூர்ல கன்னட நடிகர் புனித் ராஜ்குமார், அவ்ளோ ஃபிட்டான ஆளு, 46 வயசு. அன்னைல இருந்து நெஞ்சுல சுருக்குன்னாலே வேர்த்துடுது. இதுவரை எத்தனை ஈசிஜி எடுத்தேன்னு எனக்கே தெரியல. எல்லாம் நார்மல். ஆனாலும் பயம் போகல.

இது அவங்களுக்கான துக்கம் இல்ல சார், உங்க உயிருக்கான பயம், ரெண்டும் ஒரே டிரெஸ் போட்டுக்கிட்டு வருது. உங்களுக்கு மட்டும் இல்ல. 2021 அக்டோபர் 29 புனித் இறந்ததும் பெங்களூர் ஜெயதேவா இதய ஆஸ்பத்திரியில செக்கப்புக்கு கூட்டம் அலைமோதுச்சு, அதுல இளவயசுக்காரங்க நிறைய. ஜிம்முக்கு போறதையே நிறுத்துனவங்க உண்டு.

விவேக் விஷயத்துல இன்னொரு பயமும் சேந்துக்கிச்சு. 2021 ஏப்ரல் 15 ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில அவர் தடுப்பூசி போட்டாரு, மத்தவங்களும் போடணும்னுதான் பொதுவுல வந்து போட்டாரு, மறுநாள் மாரடைப்பு, 17ம் தேதி விடிகாலைல போயிட்டார். இதயத்தோட முக்கியமான ரத்தக்குழாய்ல முழு அடைப்புன்னு டாக்டர்கள் சொன்னாங்க, தடுப்பூசி பின்விளைவ ஆராயுற மத்திய குழுவும் ஊசிக்கும் சாவுக்கும் சம்பந்தம் இல்லன்னுதான் சொல்லுச்சு. ஆனா வாட்ஸ்அப்ல வந்தது எதுவுமே இது இல்லையே.

நீங்க செய்ய வேண்டியது ரெண்டு. ஒண்ணு, ஒரே ஒரு தடவை ஒழுங்கா ஒரு இதய டாக்டர பாருங்க, பிபி, சுகர், கொழுப்பு, வீட்ல யாருக்காவது சின்ன வயசுல மாரடைப்பு வந்துச்சாங்கறது எல்லாம் சொல்லுங்க, அவர் எப்ப திரும்ப வரணும்னு சொல்றாரோ அந்த தேதிய காலண்டர்ல குறிச்சு வைங்க. ரெண்டாவது, அந்த தேதி வரைக்கும் பயத்துக்காக ஈசிஜி எடுக்காதீங்க. ஒவ்வொரு நார்மல் ரிப்போர்ட்டும் ரெண்டு நாள் நிம்மதி குடுக்கும், மூணாவது நாள் இன்னொரு ரிப்போர்ட் கேக்கும். ஆனா ஒண்ணு, நெஞ்ச அழுத்திப் பிடிக்குற மாதிரி வலி, கை இல்ல தாடைக்குப் பரவுது, மூச்சு திணறுதுன்னா பயமா நிஜமான்னு நீங்களே தீர்ப்பு எழுதாதீங்க, 108 கூப்பிடுங்க.

ரெண்டு வாண்டுக்கு அம்மா: அக்கா 2019ல மணப்பாறை கிட்ட போர்வெல்லுல விழுந்த அந்தப் பையன். அப்ப என் பெரியவனுக்கும் அதே வயசு. இன்னும் ராத்திரி முழிப்பு வந்தா அந்தக் கைதான் ஞாபகம் வருது. அன்னைக்கு டிவிய அணைக்கவே முடியல. இப்ப தெருவுல எந்தப் பள்ளத்தப் பாத்தாலும் நெஞ்சு பதறுது. எங்கயோ யார் வீட்டுப் பிள்ளையோ, ஏன் விட மாட்டேங்குது?

ஏன்னா அது உங்க வீட்டு ஹால்லயே நடந்துச்சு. நடுக்காட்டுப்பட்டில அக்டோபர் 25 வெள்ளிக்கிழமை சாயங்காலம் விழுந்தான், 29ம் தேதி விடிகாலைதான் உடம்ப எடுத்தாங்க, நடுவுல 27ம் தேதி தீபாவளி. ஊர் முழுக்க பட்டாசு வாங்கி வச்சுட்டு வெடிக்காம டிவி முன்னாடி உக்காந்திருந்துச்சு. முதல்ல 26 அடில இருக்கான்னாங்க, கயிறு போட்டு கைய பிடிக்கப் பாத்தாங்க, நழுவி நழுவி 88 அடிக்கு போனான்னாங்க, பக்கத்துலயே குழி தோண்டுனா பாறை. அந்தப் பிள்ளைய மேல இழுக்க ஒரு துணிப்பை வேணும்னு சொன்னப்ப அவங்கம்மாவே தையல் மிஷின்ல உக்காந்து தைச்சுக் குடுத்தாங்க. எனக்கு அது எதுவும் மறக்கல, ஆனா அந்தத் தையல் மிஷின் மட்டும் தனியா நிக்குது.

இப்படி ஒரு சாவு ஏன் மத்த ஆயிரம் சாவவிட ஆழமா போகுதுங்கறத தாமஸ் ஷெல்லிங்னு ஒரு பொருளாதாரப் பேராசிரியர் 1968லயே எழுதினார். முகமும் வயசும் தெரிஞ்ச ஒரு குழந்தைக்கு ஊரே காசு குடுக்கும், எண்ணிக்கையா மட்டும் தெரியுற உயிருக்கு யாரும் அசைய மாட்டாங்கன்னு. அதோட இங்க நேரலை வேற. செத்துட்டான்னு ஒரே வரில வந்துருந்தா அழுதுட்டு எந்திரிச்சிருப்பீங்க. இங்க மூணு நாளுக்கு மேல, ஒவ்வொரு அரைமணி நேரமும் இப்ப வந்துடுவான் இப்ப வந்துடுவான்னு உடம்பு விறைச்சு உக்காந்திருந்துச்சு. உங்க மூளை அதை செய்தின்னு எடுத்துக்கல, பக்கத்து ரூம்ல நம்ம பிள்ளைக்கு நடக்குதுன்னு எடுத்துக்கிச்சு, அதுக்கு தகுந்த மாதிரி பதிஞ்சு வச்சிருச்சு.

இதுக்கு நான் சொல்றது கொஞ்சம் விசித்திரமா இருக்கும். நம்ம வீட்ல ஒரு சாவுன்னா செய்ய வேலை இருக்கு, பால் தெளிக்கணும், காரியம், பதினாறு, சொல்லிவிட வேண்டியவங்களுக்கு சொல்லி விடணும். கை சும்மா இருக்காது, ஒரு நாள் வந்தா இன்னையோட தீட்டு முடிஞ்சுதுன்னு ஊரே சொல்லும். டிவில பாத்த சாவுக்கு பதினாறு கிடையாது, கைக்கு வேலையும் கிடையாது, அதனால கை ரிமோட்டையும் போனையும் தேடிப் போகுது. அதனால வேலை ஒண்ணு நீங்களே எடுத்துக்கோங்க. கைவிட்ட போர்வெல்ல மூடணும், வேலி போடணும்னு சுப்ரீம் கோர்ட் 2010லயே விதி போட்டிருக்கு. உங்க தெருவுல திறந்து கிடக்குற குழி, மூடி இல்லாத சாக்கடை, ஒண்ணே ஒண்ண எடுத்து போட்டோ பிடிச்சு பஞ்சாயத்து ஆபீஸ்ல எழுதிக் குடுங்க, மூடுற வரைக்கும் விடாதீங்க. பதறுற நெஞ்சுக்கு ஒரு குழி மூடுனா கொஞ்சம் கேக்கும். அந்தப் பழைய வீடியோ வந்தா ஓபன் பண்ணாதீங்க, அதுல புதுசா ஒண்ணும் இல்ல. ஆனா பிள்ளைய வெளிய விளையாடவே விட முடியல, ராத்திரி தூக்கமே இல்லங்கற அளவுக்கு இருந்தா நேர்ல யாரையாவது பாருங்க, இதுக்கு நல்லா பலன் தர்ற பேச்சு சிகிச்சை இருக்கு.

தம்பிக்காக கேக்குறேன்: என் தம்பிக்கு 19 வயசு. அவனோட ஹீரோ இறந்ததுல இருந்து ரூம்ல கதவு சாத்திக்கிட்டு இருக்கான், "தலைவனே இல்ல, நான் மட்டும் இருந்து என்ன"ன்னு ஸ்டேட்டஸ் போடுறான். வீட்ல எல்லாரும் சும்மா சீன் போடுறான்னு சொல்றாங்க. எனக்கு பயமா இருக்கு.

பயப்படுறது சரிதான், சீன்னு விட்டுடாதீங்க. இன்னைக்கே போய் பக்கத்துல உக்காந்து நேரா கேளுங்க: "செத்துடலாம்னு தோணுதாடா?" கேட்டா நாமே ஐடியா குடுத்த மாதிரி ஆயிடுமோன்னு எல்லாரும் பயப்படுவாங்க, ஆகாது, கேட்டா பெரும்பாலும் மூச்சு விடுற மாதிரி அழுவாங்க. ஆமான்னான்னா தனியா விடாதீங்க, வீட்ல இருக்குற மாத்திரை, பூச்சிமருந்து எல்லாத்தையும் அவன் கைக்கு எட்டாம எடுத்துடுங்க, அன்னைக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டு போங்க. 14416 டெலிமனஸ், அரசாங்கத்தோட மனநல உதவி எண், 24 மணி நேரமும் தமிழ்ல பேசுவாங்க, காசு இல்ல. 104லயும் பேசலாம். சென்னைல சினேகான்னு ஒரு அமைப்பு 1986ல இருந்து இதுக்குன்னே இருக்கு.

நம்ம ஊருக்கு இதுல ஒரு மோசமான வரலாறு இருக்குங்க, அதை சொல்லித்தான் ஆகணும். 1987 டிசம்பர் 24 எம்ஜிஆர் இறந்தப்ப 30 பேர் வரைக்கும் உயிர விட்டதா பத்திரிகைகள்ல வந்துச்சு. 2016 டிசம்பர் 5 ஜெயலலிதா அம்மா இறந்தப்ப அதிர்ச்சில செத்தவங்கன்னு கட்சி பட்டியலே போட்டு குடும்பத்துக்கு 3 லட்சம் அறிவிச்சுது. பாவம் அந்தக் குடும்பங்களுக்கு காசு போறதுல எனக்கு வருத்தம் இல்ல, ஆனா இப்படி செத்தவன விசுவாசின்னு போஸ்டர் அடிக்குறது பக்கத்து வீட்டு 19 வயசுக்காரனுக்கு என்ன சொல்லும்? வெளிநாட்டுலயும் இதே கதைதான். இளவரசி டயானா 1997ல பாரிஸ்ல கார் விபத்துல போனவங்க, தற்கொலை கூட இல்ல, ஆனா அவங்க இறுதிச்சடங்குக்கு அப்புறம் வந்த ஒரு மாசத்துல இங்கிலாந்து வேல்ஸ்ல தற்கொலை 17 சதவீதம் கூடுச்சுன்னு ஆய்வு இருக்கு. அதுக்கு நேர் எதிரா, 1994ல கர்ட் கோபேன்னு ஒரு அமெரிக்க ராக் பாடகர் தற்கொலை பண்ணிக்கிட்டப்ப அவர் ஊர் சியாட்டில்ல அப்படி கூடல. அங்க அவர் பாட்ட கொண்டாடுனாங்க, அவர் செத்த விதத்த கொண்டாடல, உதவி எண்ண திரும்பத் திரும்ப சொன்னாங்க, அந்த எண்ணுக்கு போன் குவிஞ்சுது.

தம்பிகிட்ட அவன் ஹீரோவ மட்டம் தட்டிப் பேசாதீங்க. "உனக்கு அவர எப்ப இருந்து பிடிக்கும்"னு கேட்டு ஆரம்பிங்க. ரசிகர் மன்றத்துல மூத்த அண்ணன் யாராவது இருந்தா அவர வீட்டுக்கு வரச் சொல்லுங்க, நான் ஒரு மணி நேரம் பேசுறதவிட அவர் பத்து நிமிஷம் உக்காந்தா கேப்பான்.

ஒன்பதாங்கிளாஸ் பொண்ணோட அம்மா: சீரியல்ல நடிச்ச ஒரு பொண்ணு தற்கொலை பண்ணிக்கிட்டாங்கன்னு செய்தி வந்ததும் எம்பொண்ணு ஒரு வாரமா அதையே யூட்யூப்ல பாத்துட்டு இருக்கா. போன பிடுங்கலாமா?

பிடுங்குனா ஃப்ரெண்டு போன்ல பாப்பா. கூட உக்காந்து நீங்களும் ஒண்ணு பாருங்க, அப்புறம் "இவர் சொல்றதெல்லாம் இவருக்கு எப்படி தெரியும்?"னு கேளுங்க. கடைசியா போன் பேசுனது யாரு, கதவ உடைச்சது யாரு, வாடகை எவ்வளவுன்னு அரைமணி நேரம் ஓட்டுற சேனல் எதுக்கும் அந்தப் பொண்ணு மனசுல என்ன இருந்துச்சுன்னு தெரியாது. டேவிட் பிலிப்ஸ்னு ஒரு ஆய்வாளர் 1974ல காட்டினது இதுதான், தற்கொலை செய்தி முன்பக்கத்துல பெருசா வந்தா அடுத்து அந்த ஊர்ல எண்ணிக்கை கூடுது. அதனாலதான் எப்படி செத்தாங்கன்னு விவரிக்காதீங்க, ஒரே காரணத்த போட்டு முடிச்சிடாதீங்கன்னு உலக சுகாதார நிறுவனம் பத்திரிகைக்காரங்களுக்கு விதி எழுதி வச்சிருக்கு. அதை மதிக்கிற யூட்யூபர நான் விரல் விட்டு எண்ணிடுவேன்.

பொண்ணுகிட்ட "லவ் பண்ணா இப்படித்தான் ஆகும்"னு பாடம் எடுக்காதீங்கம்மா, தயவுசெஞ்சு. நாளைக்கு அவளுக்கு ஒரு பிரச்சனைன்னா முதல்ல மறைக்கிறது உங்ககிட்டதான் அப்புறம்.

கல்நெஞ்சக்காரன்: கேப்டன் இறந்தப்ப ஆபீஸ்ல எல்லாரும் அழுதாங்க, எனக்கு ஒண்ணுமே தோணல. எங்க பாட்டி செத்தப்பவும் அப்படித்தான். நான் சைக்கோவா?

இல்ல. சில பேருக்கு துக்கம் அழுகையா வராது, வேலையா வரும், இல்ல கோவமா, இல்ல ஆறு மாசம் கழிச்சு ஒரு கொழுக்கட்டைய பாத்தப்ப வரும், சில பேருக்கு வராமலே போகும். விஜயகாந்த் நினைவிடத்துல இன்னைக்கும் சோறு போடுறாங்க, அங்க பரிமாறுறவங்க எல்லாரும் அழுதுகிட்டா நிக்குறாங்க? எதுலயுமே சந்தோஷம் இல்ல, பிடிச்சது எதுவும் பிடிக்கலன்னா மட்டும் சொல்லுங்க, அது வேற விஷயம்.

நைட் டிரைவர்: அக்கா நான் லோடு வண்டி ஓட்டுறவன். உளுந்தூர்பேட்டை தாண்டி ஒரு பைக்காரர் அடிபட்டு கிடந்தாரு, நான் வண்டிய ஓரம் கட்டி 108க்கு சொன்னேன், ஆனா கிட்ட போகல, கேஸு கோர்ட்டுன்னு பயம். போயிட்டாருன்னு அப்புறம் தெரிஞ்சுது. அவரு டிபன் பாக்ஸ் திறந்து லெமன் சாதம் ரோடு பூரா சிதறிக் கிடந்துச்சு. அன்னைல இருந்து அந்த சாதத்த கண்டாலே குமட்டுது, அந்த இடம் வந்தா ஸ்டியரிங்ல கை நடுங்குது. பேர் கூட தெரியாத ஆளுக்கா.

பேர் தெரியாதுதான், ஆனா அவர் மத்தியானத்துக்கு என்ன சாப்பிட இருந்தாருன்னு உங்களுக்கு மட்டும்தானே தெரியும் அண்ணே. வீட்ல யாரோ காலைல எந்திரிச்சு எலுமிச்சம்பழம் பிழிஞ்சு கட்டிக் குடுத்ததுன்னு உங்க மனசு அந்த நிமிஷமே புரிஞ்சுக்கிச்சு, அதான்.

குமட்டல், நடுக்கம், கனவு இதெல்லாம் முதல் மூணு நாலு வாரம் வர்றது சகஜம், பெரும்பாலானவங்களுக்கு தானா குறையும். அதுக்குள்ள தூக்கத்துக்குன்னு குவாட்டர் மட்டும் போடாதீங்க, அன்னைக்கு தூங்க வைக்கும், ஆனா ஞாபகத்த ஆற விடாது. ஒரு மாசம் தாண்டியும் இதே மாதிரின்னா மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கு போங்க, இதுக்கு மருந்தும் இருக்கு பேச்சும் இருக்கு, அதுவும் நீங்க ராத்திரி ஓட்டுறவர், நடுங்குற கையோட ஓட்டாதீங்க, கொஞ்ச நாள் மாத்து டிரைவர் கேளுங்க. ஒரு வேடிக்கையான தகவல் சொல்றேன், ஆக்ஸ்ஃபோர்டுல ஒரு ஆய்வுல விபத்துல சிக்கி ஆஸ்பத்திரிக்கு வந்தவங்கள ஆறு மணி நேரத்துக்குள்ள டெட்ரிஸ் விளையாட வச்சாங்க, கட்டை அடுக்குற கேம், அடுத்த ஒரு வாரத்துல அந்தக் காட்சி கண்ணு முன்னாடி வர்றது குறைஞ்சுது, 2017ல வெளியாச்சு. உங்களுக்கு இப்ப அந்த நேரம் தாண்டிருச்சு, ஆனா உங்க கூட ஓட்டுறவங்களுக்கு சொல்லி வைங்க.

இன்னொண்ணும் சொல்லி வைங்க. அடிபட்டவருக்கு உதவி பண்றவர போலீஸ் அலைக்கழிக்கக் கூடாது, பேர் விலாசம் குடுக்க கட்டாயப்படுத்தக் கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட் 2016லயே சொல்லியாச்சு. தமிழ்நாட்டுல 2021 டிசம்பர்ல இருந்து இன்னுயிர் காப்போம் திட்டம் இருக்கு, விபத்துல அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரம் பட்டியல்ல இருக்குற ஆஸ்பத்திரிகள்ல இலவச சிகிச்சை. நீங்க வண்டிய நிறுத்துனீங்க, போன் பண்ணீங்க, எத்தனை வண்டி ஒதுங்கிப் போயிருக்கும். அதையும் கணக்குல சேத்துக்கோங்க.

கரூர்க்காரி: 2025 செப்டம்பர் 27 வேலுச்சாமிபுரம் கூட்டத்துக்கு நானும் பிள்ளைங்களும் போறதா இருந்தோம். சின்னவளுக்கு காய்ச்சல்னு போகல. நெரிசல்ல 41 பேர் போயிட்டாங்க, ஒருத்தரையும் எனக்கு தெரியாது. ஆனா தப்பிச்சதே தப்பு மாதிரி இருக்கு.

தப்பிச்சவங்க மனசு தானே ஒரு குற்றத்த எடுத்து மாட்டிக்கும், ஏன்னா காரணமே இல்லாம தப்பிச்சோம்னு ஒத்துக்குறது அதைவிட பயங்கரமா இருக்கு. காய்ச்சல்தான் காரணம், அதுல உங்க தப்பும் இல்ல, சாமர்த்தியமும் இல்ல. யார் மேல பழின்னு டிவில நடக்குற சண்டைய கொஞ்ச நாள் பாக்காதீங்க, அது உங்களுக்கு பதில் சொல்லாது. உங்க ஊர்ல துட்டி வீடு எங்க இருக்குன்னு தெரியும்ல, தெரிஞ்சவங்க ஒருத்தரோட போய் திண்ணைல உக்காந்துட்டு வாங்க. என்ன சொல்றதுன்னு தெரியலன்னா ஒண்ணும் சொல்லாதீங்க. அறிமுகம் இல்லாதவங்களும் துட்டிக்கு போறது நம்ம பக்கம் வழக்கம்தானே.

எங்கப்பாவுக்கு 78: பழைய நடிகர் யார் இறந்தாலும் அப்பா அன்னைக்கு சாப்பிட மாட்டேங்குறார். நாள் பூரா போன்ல அஞ்சலி வீடியோவா பாக்குறார். "என் செட்டு எல்லாம் காலி"ங்கறார். என்ன பண்றது?

பாதி வீடியோ பொய்யாவே இருக்கும், அதை முதல்ல சொல்லுங்க. 2020 ஜூன்ல பாடகி ஜானகி அம்மா இறந்துட்டாங்கன்னு வதந்தி கிளப்பி, எஸ்பிபியே வீடியோல வந்து திட்ட வேண்டியதாச்சு. நாலு சேனல்ல ஒரே செய்தி வர்ற வரைக்கும் நம்பாதீங்கப்பான்னு சொல்லி வைங்க.

அப்புறம், அவர் நடிகருக்காக மட்டும் சாப்பிடாம இருக்கல. அந்தப் படத்த அவர் யாரோட, எந்தக் கொட்டகைல, மணல் குவிச்சு உக்காந்து பாத்தாரோ அந்த ஆளு போயிட்டாரு, அந்தக் கொட்டகை கல்யாண மண்டபம் ஆயிடுச்சு, அந்த வரிசைல அடுத்து யாருன்னு அவர் கணக்கு போடுறார். அதை "அதெல்லாம் யோசிக்காதீங்கப்பா"ன்னு வாயை மூடாதீங்க. எந்தப் படம், எந்த ஊர், டிக்கெட் எவ்வளவுன்னு கேளுங்க, பேரப்பிள்ளைய பக்கத்துல உக்கார வைங்க. அவர் சோட்டு ஆளுங்க உயிரோட யாராவது இருந்தா போன் போட்டுக் குடுங்க, நம்பர் தேடுற வேலைய நீங்க பாருங்க. ஒரு நாள் சாப்பிடலன்னா பரவால்ல. ரெண்டு வாரமா சாப்பாடு குறையுது, உடம்பு இளைக்குது, விடிகாலை மூணு மணிக்கே முழிச்சுட்டு உக்காந்திருக்கார், பல்லு விளக்கக் கூட சலிப்புங்கறார்னா அது துக்கத்த தாண்டிருச்சு, வயசாயிடுச்சுன்னு விடாம டாக்டர்கிட்ட காட்டுங்க, முதியவங்க மனச்சோர்வு குணமாகுற விஷயம்தான்.

சும்மா ஒரு டவுட்: உருப்படியா ஏதாவது பண்ணணும்னா என்ன பண்ணலாம்? வெறும் ஸ்டேட்டஸ் வைக்க கூச்சமா இருக்கு.

ஸ்டேட்டஸும் வைங்க, கூச்சம் எதுக்கு, பொணத்து போட்டோ மட்டும் வேண்டாம். அஞ்சலிக்கு நேர்ல போறதா இருந்தா கூட்டத்துல பிள்ளைங்கள கூட்டிட்டு போகாதீங்க, 2018ல கலைஞர் உடம்ப ராஜாஜி ஹால்ல வச்சிருந்தப்ப நெரிசல்லயே ரெண்டு பேர் போயிட்டாங்க. விவேக்குக்காக மரம் நட்டவங்க நிறைய, ஆனா நட்டுட்டு செல்ஃபி எடுத்துட்டு போனது பாதி காஞ்சு போச்சு, நட்டா ஒரு கோடைக்காவது தண்ணி ஊத்துங்க. புனித்தோட ரெண்டு கண்ணு நாலு பேருக்கு பார்வை குடுத்துச்சு, அதுக்கப்புறம் கர்நாடகால கண்தானத்துக்கு பேர் குடுக்க வரிசைல நின்னாங்க. அது நம்மாலயும் முடியும், ஆனா பாரம் எழுதிக் குடுத்தா மட்டும் பத்தாது, வீட்ல உள்ளவங்களுக்கு தெரியணும். இறந்து ஆறு மணி நேரத்துக்குள்ள எடுக்கணும், அதுவரை கண்ண மூடி, தலைய கொஞ்சம் உயர்த்தி வச்சு, மேல ஓடுற ஃபேன நிறுத்தணும், பக்கத்து கண் வங்கி நம்பர் கைல இருக்கணும். இன்னைக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு எல்லாரும் உக்காருறப்ப சொல்லிடுங்க, அம்மா "அபசகுனமா பேசாத"ன்னு கத்துவாங்க, கத்தட்டும்.